ஆறா, ஐந்தா

தண்ணீர் வருவது இரண்டரைக்கு.
சீத்தா கேம்ப்பில் எங்கள் சந்து
அதற்காகத்தான் விழித்திருந்தது,
வானம் பார்க்க அல்ல.

குழாய் முதல் காற்றை இருமியபோது
உப்பங்கழிக்கு மேலே, வாஷிப் பக்கமாக,
ஒன்று.
அதை ஒட்டி இன்னொன்று.
இழுத்த பீடியின் முனை நிறம்.
எண்ணி முடிப்பதற்குள் ஆறு.
ஐந்து என்றாள் மெகருன்னிசா.
இன்றைக்கும் ஐந்து என்றுதான் சொல்கிறாள்.

குடங்களை வரிசையில் விட்டுவிட்டு
இரும்பேணியில் ஏறினோம், தகர மாடிகளுக்கு.

"பட்டாளம் விட்ட வெளிச்சம்" என்றார் சவரிமுத்து.
தாருகானாவில் பதினெட்டு வருடம் கப்பல் அறுத்தவர்.
உயிர்காப்புப் படகுகளின் பெட்டியில்
காலாவதியான பாராசூட் வாணங்களைக் கண்டெடுத்து
ஒன்றைக் கொளுத்திப் பார்த்து
இடது புருவத்தைத் தொலைத்தவர்.
"குடை பிடிச்சுக்கிட்டு எறங்கும். பாரு, ஆடுது."
"ஆடல" என்றான் பஷீரின் தம்பி.
"நாப்பது விநாடிதான் எரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"
"அது படகோடது. இது பட்டாளத்தோடது, பெருசு."
"அப்ப புகை எங்க?"
"நடுராத்திரி புகைய உங்கப்பனா பாத்தான்?"

நான் கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடினேன்.
நைட்டி தைக்கிறவளுக்கு அளவு வரும்.
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு விரல்.
மூன்று டிரம் நிறையும் நேரம் கழித்தும் நாலு விரல்.
இறங்கியது மட்டும் அரை நகம்.
சொல்லியிருக்கக் கூடாது.
அந்த அரை நகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்:
இறங்குச்சுல்ல, அப்ப பட்டாளம்.
அரை நகம்தானே, அப்ப இல்ல.

கல்யாணத்தில் விடும் காகித விளக்கு என்றது ஒரு குரல்.
காற்று எங்கள் முகத்தில்தான் அடித்தது,
காகிதமென்றால் எங்களிடம் வந்திருக்கும்.
டிரோன் என்றான் ஜெபக்கனி, கைப்பேசியை உயர்த்தியபடி.
அதில் விழுந்ததெல்லாம் கறுப்பும்
அவன் கட்டைவிரலும்.
"அணு வேலிக்குள்ள இருந்து ஏதோ கசிஞ்சிருக்கு"
என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.
அதை மட்டும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஸ்டெல்லா அதுவரை வாய் திறக்கவில்லை.
மான்கூர்டில் மருந்துக் குப்பிக்கு லேபிள் ஒட்டுகிறவள்.
"பட்டாளம்னே வைங்க.
அத நாம பாக்கறதுக்கா விடுவாங்க?
கீழ இருக்கறத அவங்க பாக்கறதுக்கு.
எதப் பாக்கறாங்க?"

சவரிமுத்து மிச்சமிருந்த புருவத்தைச் சொறிந்தார்.
கீழே என்ன இருக்கிறது?
சேறு. அலையாத்திப் புதர்.
ஒற்றைக்காலில் உறங்கும் பூநாரைகள்.
கவிழ்த்துப் போட்ட நாலு படகு.
அப்புறம் நாங்கள்.

அப்போதுதான் தெரிந்தது,
நீல டிரம்கள் பழுப்பாகியிருந்தன.
மாடி மாடியாய் நிமிர்ந்த முகங்களில்
இலேசாக அதே நிறம்.
எதிர்த் தகரத்தில் பூரணம் நின்றாள்.
குழாய்ச் சண்டைக்குப் பிறகு மூன்று வருடம்
பார்க்காமலே பார்த்துப் பழகிய முகம்.
வாய் பிளந்திருந்தது, முந்தானை நனைந்திருந்தது.
பார்த்துவிட்டேன்.
அவளும் பார்த்தாள்.
ஒரு கையை முழுக்க விரித்து
மறுகையில் ஒற்றை விரலை உயர்த்தினாள்.
ஆறு.

ஒவ்வொன்றாக அணைந்தது என்கிறார் சவரிமுத்து.
ஒரேயடியாக என்கிறான் பஷீரின் தம்பி.
அந்த நேரம் நான் வானத்தைப் பார்க்கவில்லை.

இறங்கி வந்தபோது சந்து ஈரமாக மினுங்கியது.
கழன்ற ரப்பர் குழாய் சாக்கடைக்கே ஊட்டிவிட்டு
ஓய்ந்திருந்தது.
எல்லாக் குடமும் வெறும் குடம்.

மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் மூன்று வரி:
செவ்வாய் இரவு வழக்கமான பயிற்சி,
பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்.

தீர்ந்தது என்று பேப்பரை மடித்தார் சவரிமுத்து.
"நாம பாத்தது புதன்" என்றாள் மெகருன்னிசா.
"பன்னெண்டு தாண்டினா புதன்தானே?"
"விடியற வரைக்கும் செவ்வாய்தான்டி."
டீ ஆறிக்கொண்டிருந்தது.
யாரும் வேலைக்குக் கிளம்புவதாக இல்லை.