இரண்டரை கிராம்

ரான்ஃபர்லியில் லிண்ட்சேயின் கடை
ஐந்தரைக்கு மூடிவிடும்.
ஐந்தே காலுக்குக் கண்ணாடி மேசைமேல்
இரண்டு பெட்டிகள்.
ஒன்றில் செம்பு முலாம் பூசியவை,
புதுக் காசின் மினுக்கம்.
மற்றதில் வெறும் காரீயம், மேலே மெழுகு.
இரண்டும் பாயிண்ட் டூ டூ.
இரண்டிலும் ஐம்பது.

"உன் துப்பாக்கி எதைக் கேட்கிறது?" என்றார்.
துப்பாக்கி கேட்பது எனக்குத் தெரியும்.
வீடு வேறொன்றைக் கேட்கிறது.

மெழுகுத் தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டால்
நூல்பிசிறு, புல்விதை, நாய்முடி
எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும்.
விரல்நுனி கறுக்கும்.
அந்த விரலைப் பிடித்துத்தான்
எஃபி நடக்கப் பழகுகிறாள்.
நாலடி வைத்து உட்கார்ந்ததும்
பிடித்த கையை வாய்க்குக் கொண்டுபோவாள்.

செம்பையே கொடுங்கள் என்றேன்.

தைம் பூத்து ஊதாவாகிக் கிடந்தது சரிவு.
எங்கள் ஆடும் எங்கள் வங்கிக் கடனும்
மேய வேண்டிய புல்லை
முயல்கள் மேய்ந்துகொண்டிருந்தன.
வேலிக்கம்பத்தில் அட்டை குத்தி
ஐம்பது மீட்டரில் ஐந்து சுட்டேன்.
காரீயமென்றால் ஐந்தையும்
ஒரு சோடா மூடி மறைத்துவிடும்.
இதற்குத் தேநீர்த் தட்டு வேண்டியிருந்தது.
போதும் என்று நினைத்தேன்.
அவசரக்காரி.

மறுநாள் மாலை, எழுபது மீட்டர், ஒரு பெட்டை முயல்.
குறி வைத்தது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே.
பட்டது இடுப்பில்.
பின்கால்களை இழுத்துக்கொண்டு
பாறை இடுக்குக்குள் போய்விட்டது.
முயல் கத்தும் என்றால்
நகரத்து ஆட்கள் நம்புவதில்லை.
மாஸ் உள்ளே மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தது.
கை எட்டவில்லை, கம்பும் எட்டவில்லை.
இருட்டும்வரை குந்தியிருந்தேன்.
சத்தம் எப்போது நின்றதோ தெரியாது.
நின்றிருந்தது.

வேலிக்கம்பத்திலிருந்து ஒரு ரவையை நோண்டி எடுத்து
விளக்கடியில் கத்தியால் சுரண்டினேன்.
வெங்காயத்தின் உள்சவ்வு அளவுதான் செம்பு.
அடியில் அதே காரீயம்,
நகம் பட்டால் கோடு விழும்.
மேல்பூச்சு முயலுக்கல்ல.
எனக்குப் பூசியது.

செவ்வாயன்று லிண்ட்சே,
உடைத்த பெட்டியைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றார்.
நான் கேட்கவேயில்லை.
மெழுகுப் பெட்டிக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போது பின்கதவுக்கு வெளியே
ஒரு வாளி, ஒரு சோப்பு, நகத்துக்கு ஒரு பிரஷ்.
சட்டை ஆணியில் தொங்கும், உள்ளே வராது.
ஜூலையில் வாளிமேல் உறைந்த ஏட்டை
முட்டியால் உடைத்துத்தான் கழுவ வேண்டும்.
கண்ணாடிக் கதவில் நெற்றியை அழுத்திக்கொண்டு
எஃபி தட்டுகிறாள்,
அவளுடைய மூச்சு கண்ணாடியில் வட்டமாய்ப் படர்கிறது.
இரு, என்கிறேன்.
இன்னும் ஒரு முறை.

பூட்டிய அலமாரியில்
செம்பு மிச்சம் நாற்பத்து நான்கு.
திறக்கும்போதெல்லாம்
அழகாகத்தான் மின்னுகின்றன.