பெயர் வரட்டும்

பரேலில் ஏழாம் எண் ஜன்னல்.
டோக்கனைப் புரட்ட முடியவில்லை.
தாராவியில் இருபது வருடம்
சீட்டுப் பணம் எண்ணிய கட்டைவிரல்;
எச்சில் தொடாமல் அதற்கு
ஒரு நோட்டும் பிரியாது.

போன ஹோலிக்கு மறுநாள், இதே பெஞ்சில்,
சாத்தாராவிலிருந்து கோர்படே.
அவருக்கும் இடது காதுக்குக் கீழேதான்,
அதே புளியங்கொட்டை.
பரீட்சை முடிந்த பையன்கள் போல
தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டோம்.

"அளவை விடுங்க. பெயர் வரட்டும்"
என்றார் டாக்டர்.
கண்ணாடித் தகட்டிலிருந்து வந்தன பெயர்கள்.
என்னுடையது நரம்பைப் பிடித்துக்கொண்டு
மெதுவாக நடக்கும் வகை,
பத்து வருடம் கழித்தும் கதவைத் தட்டுமாம்.
அவருடையது நாளத்தில் பிறந்தது.
அதற்குப் பொறுமை கிடையாது.

கோர்படே எனக்காக வருத்தப்பட்டார்:
பத்து வருஷமா பயந்துகிட்டே இருப்பீங்க?
கணபதியைக் கரைப்பதற்குள்
போய்விட்டார்.

என் முகத்தில் பாதி சிரிக்காது இப்போது.
கதிர் சுட்ட வாயில்
இட்லிகூடத் தண்ணீர் விட்டால்தான் இறங்கும்.

பக்கத்தில் புதிதாக ஒருவர்
கழுத்தைத் திருப்பிக் காட்டுகிறார்.
உங்களுடையது எவ்வளவு பெரிசு இருந்தது?

ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டில் மூடியில் விரலை நனைத்து
அவர் கையில் ஒட்டிக்கிடந்த தாள்களை
ஒவ்வொன்றாகப்
பிரித்துக் கொடுக்கிறேன்.