பதினைந்து கிலோ

டிக்கெட்டில் போட்டிருந்தது:
பெட்டியில் பதினைந்து, கையில் ஏழு.
வீட்டில் எடை பார்க்க ஒன்றுமில்லை.
நின்று பார்க்கும் மிஷின் வாங்குமளவுக்கு
எங்கள் வீட்டில் யாரும் உடம்பைப் பற்றி யோசித்ததில்லை.

குகை மெயின் ரோட்டில்
அர்த்தநாரியின் பழைய பேப்பர் கடைவரை
பெட்டியை உருட்டினேன்.
ஒரு சக்கரம் கோணல்.
வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தது.

கொக்கியில் மாட்டினார்.
முள் ஆடி ஆடி நின்றது: பதினெட்டரை.
'துபாயா?'
'ஹைதராபாத். மருந்து கம்பெனி.'
'மிச்சத்துக்கு என்ன கேப்பான்?'
சொன்னேன்.
கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.
'நான் கிலோவுக்குக் குடுக்கறேன்,
அவன் கிலோவுக்கு வாங்கறான்.
தப்பான தொழிலுக்கு வந்துட்டேன் போல.'

எதெல்லாம் ஏற்ற மாட்டான் என்று கேட்டார்.
போனைப் பார்த்து வாசித்தேன்:
சுத்தியல், உளி, ரம்பம்,
ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல்,
கிரிக்கெட் மட்டை, கோடரி, அரிவாள்...
ஒவ்வொன்றுக்கும் கடைக்குள் ஒரு மூலையைத்
திரும்பிப் பார்த்துக்கொண்டார்.
'ஆசிட் பேட்டரி?'
'அதுவும் கூடாது.'
'அப்ப என் கடை பறக்காது' என்றார்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.

அவருடைய நேற்றைய செய்தித்தாள்கள்மேல்
பெட்டியைத் திறந்தேன்.
ஜவ்வரிசி இரண்டு கிலோ
(அறைத்தோழி போனில் மூன்றுமுறை நினைவூட்டியது).
மூன்று லிட்டர் குக்கர், அதற்குள் சுருட்டிய உள்ளாடைகள்.
அவசரமாக மூடியைப் போட்டேன்.
அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல மனுஷன்.
அடியில் நான்கு வருஷத்து நோட்டுகள்.
எதற்கு எடுத்து வைத்தேன்?
வேலையில் யாராவது திடீரென்று
கல்லீரலைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.

மருந்தியல், வேதியியல்,
வைவாவுக்கு முந்தின இரவு
பக்கத்து வரியெல்லாம் மஞ்சளடித்த ஒன்று,
எல்லாம் சேர்த்துச் சரியாக மூன்று கிலோ.
முப்பத்தாறு ரூபாய் கொடுத்தார்.
பேரம் பேசவில்லை, அவரும் நானும்.

இன்னும் அரைக்கிலோ இடித்தது.
ஏற்காட்டில் டூர் போனபோது வாங்கிய ஸ்வெட்டரை எடுத்து
மே மாதத்து குகையில், பன்னிரண்டு மணி வெயிலில்
போட்டுக்கொண்டேன்.
ஆளை எடை போடுவதில்லை என்பதும்
விதியில் இருக்கிறதே.
முள் பதினைந்தைத் தொடாமல் நின்றது.
காதில் செருகியிருந்த நீலச் சாக்கட்டியால்
பெட்டியின் முதுகில் எழுதினார்: 14.9.
சாக்குமூட்டைகளுக்கு எழுதுவதைப் போலவே
கீழே ஒரு கோடும் போட்டார்.

மறுநாள் கமலாபுரம்.
'பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?'
'ஆமாம்.'
மிஷின் 15.3 காட்டியது.
கவுண்டர் பையன் சாக்கட்டியைப் பார்த்தான்,
மிஷினைப் பார்த்தான்,
ஸ்வெட்டருக்குள் வேர்த்து நின்ற என்னையும் பார்த்துவிட்டு
ஸ்டிக்கரைச் சுற்றினான்.

கைப்பை உள்ளே போனதும் பெல்ட் நின்றது.
திரையில் பிறைபோல் இரண்டு,
ஒன்றுக்குள் ஒன்று.
துண்டில் பொதிந்து அம்மா
எனக்குத் தெரியாமல் வைத்த கொப்பரை.
'எண்ணெய்ப் பொருள், தீப்பிடிக்கும்.
விடக்கூடாது' என்றாள் காவல் பெண்.
'யார் வச்சது?'
நானே அடுக்கினேன் என்று
பத்து நிமிஷம் முன்னால்தான் சொல்லியிருந்தேன்.
'நான்தான்.'
துண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.
'காய்ச்சலா? ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க?'
அதற்கும் ஆமாம்.

இறக்கைக்குக் கீழே சேர்வராயன் மலை
கொஞ்சநேரம் கூட வந்தது.
நான் தொலைபேசியில்
ஏறியாச்சு, எல்லாம் பத்திரம் என்று
அம்மாவுக்கு அடித்து வைத்திருந்த செய்தி
சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹைதராபாத்தில்
நீலப் பெட்டிகளாக வந்துகொண்டே இருந்தன.
எல்லாம் ஒரே கடையில் வாங்கியதைப் போல.
ஒருவர் என்னுடையதைத் தூக்கியேவிட்டார்.
முதுகைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.
ஒன்பது பாதி அழிந்திருந்தது.
கோடு அப்படியே இருந்தது.