அச்சுவேலியில் இறக்கம் இல்லை

இருபத்திரண்டு வருஷம் இருந்தபடியே உழைத்தவன்.
யாழ்ப்பாணம், பருத்தித்துறை, நாளுக்கு நாலு நடை.
என்னைப் பார்த்துக் கேட்கிறா
பெரியாஸ்பத்திரி வெள்ளைக் கோட்டுப் பிள்ளை:
"ஐயா, உங்களுக்கு இருக்கத் தெரியுமோ?"

நீலப் பந்தொன்றை உருட்டி விட்டா.
இருந்தேன்.
பந்து மந்திகைப் பக்கம் போனது,
நான் கோப்பாய்ப் பக்கம் விழுந்தேன்.

கஸ்தூரியார் வீதியில் வாங்கினேன்,
அறுபத்தைந்து சென்ரிமீற்றர், என் உயரத்துக்கு அளவு.
பெட்டியில் ஒரு வெள்ளைக்காரி
வேர்வையே இல்லாமல் சிரிக்கிறாள்.
கூட வந்த பம்பு முதல் அழுத்திலேயே
இரண்டு துண்டாய்க் கையில் வந்தது.
தில்லையம்பலத்தின் சைக்கிள் கடைக்கு
மடித்த ரப்பரைக் கக்கத்தில் வைத்துப் போனேன்.
"உது எந்தச் சில்லுக்கு?"
நாரியைத் தொட்டுக் காட்டினேன்.

காற்று நிரம்பின பிறகுதான் புத்தி வந்தது,
இதை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட ஏலாது.
ஆடியபாதம் வீதி நெடுக
எட்டு மாதக்காரி மாதிரி
வயிற்றோடு அணைத்து நடந்தேன்.
பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு.

விடிய நாலேகால்.
மனிசி அந்தப் பக்கம் திரும்பி நித்திரை.
முதுகு பாயில், கெண்டைக்கால் இரண்டும் பந்தில்.
இடுப்பைத் தூக்கு. பிடி. மூச்சை அடக்காதே.
அடக்காமல் இருக்க வாய்விட்டு எண்ணச் சொன்னா அந்தப் பிள்ளை.
எனக்கு இலக்கம் சரிவராது,
ஊர்களை எண்ணுகிறேன்:
கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய்.
நீர்வேலியில் தொடை நடுங்கும்.
சிறுப்பிட்டியில் பொத்தென்று இறங்கிவிடுவேன்.

பிறகு சுவரோடு முதுகு, நடுவில் பந்து,
குந்தி எழும்பு, பத்துத் தரம்.
சுண்ணாம்பு எல்லாம் பந்தில்,
பந்தின் நீலம் கொஞ்சம் சுவரில்.
"உதென்ன சுவரிலை சந்திரன் மாதிரி?"
பதில் சொல்லவில்லை.
இரவில் ஃபான் காற்றுக்கு அது தானாய் உருண்டு
கதவடியில் போய் நிற்கும்,
இறங்கக் காத்திருக்கிற ஆள் போல.

ஒரு நாள் வல்லை வெளியில்,
கடற்காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளுகிற இடத்தில்
கண்ணாடியில் ஜெறோமைக் கண்டேன்.
பதினொரு வருஷமாய் என் கொண்டக்டர்,
அன்றைக்குத்தான் கண்டேன்.
ஒரு கையில் ரிக்கற், ஒரு கையில் மிச்சக் காசு,
விரலிடுக்கில் நோட்டுகள், காதில் பேனை.
எதையும் பிடிக்கவில்லை.
நான் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் விட்டேன்.
சனம் எல்லாம் கம்பிக்குப் பறந்தது.
அவன் ஒரு மனுசிக்கு
ஐந்து ரூபாய் பிறகு தாறன் என்று சொல்லிக்கொண்டு நின்றான்.

ஞாயிறு பூசை முடிய வீட்டுக்குக் கூப்பிட்டுப்
பந்தில் இருத்தினேன்.
அது அசையவில்லை.
தேத்தண்ணி குடித்தான், இரண்டு ரோல்ஸ் தின்றான்,
பாதம் இரண்டையும் நிலத்திலிருந்து எடுத்துவிட்டு
சம்பள உயர்வைப் பற்றிக் கதைத்தான்.
"என்னண்டு ஜெறோம்?"
"என்னது என்னண்டு?"
அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை.
கதிரையில் இருந்தால்தான் தனக்கு
நாரி உளைகிறதாம்.

எனக்கு இருந்தது இருக்கை மட்டும்தான்.
ஸ்ரேறிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு
இத்தனை வருஷமும் நிமிர்ந்திருந்ததாய் நினைத்திருக்கிறேன்.

இது நாலாம் மாதம்.
பந்தில் காற்று கொஞ்சம் குறைவு, வயிற்றிலும் கொஞ்சம்.
சப்பாத்து நாடாவைக் குனிந்து நானே கட்டுகிறேன்.
மழை நாளில் இன்னும் நோகும், பொய் சொல்லக்கூடாது.

இன்று விடிய, கரண்ட் இல்லை, கும்மிருட்டு.
கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய்,
நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர்,
அவரங்கால் என்று சொல்லும்போது
பல்லுக்குள்ளால்தான் சத்தம் வந்தது.
அச்சுவேலி... அச்சு...
விடப்போகிறேன்.

இருட்டுக்குள் கட்டிலிலிருந்து மனிசியின் குரல்,
நித்திரை இல்லாத குரல்,
எத்தனை விடியலாய் இப்படிக் கேட்டுக்கொண்டு கிடந்தாளோ:

"அச்சுவேலியிலை இறக்கம் இல்லை.
ரைற், ரைற், போகட்டும்."

சிரித்துவிட்டேன்.
பந்து கதவுப் பக்கம் ஓடியது.