புள்ளி ஒன்று

கோயில் ஏட்டில் நாங்கள் ஒரு புள்ளி.
பெரி. சா. வயிரவன், புள்ளி ஒன்று.
கல்யாணமான வருஷமே எழுதிவிட்டார்கள்.
வரி வாங்க வருகிற கணக்கப்பிள்ளைக்கு
புள்ளியின் ஒரு பாதி ரங்கூனில் இருப்பது
ஒரு பொருட்டே இல்லை.
மறு பாதி
காசை எண்ணிக் கொடுத்தது.

பதினோரு வருஷம், மூன்று கணக்கு.
அவர் ஊரில் இருந்தது
நேற்று வரைக்கும் இருநூற்று ஆறு நாள்.
எண்ணினேன்.
வட்டிக்கடை வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்
வேறு எதை எண்ணுவாள்?

அங்கிருந்து கடிதம் வரும், அப்பச்சி பேருக்கு.
நெல் விலை, மேலாள் சம்பளம், யாரோ ஒரு பர்மாக்காரன் தராத பாக்கி.
கடைசி வரி எனக்கு:
உண்ணாமலைக்கும் சொல்லவும்.
என்ன சொல்லவும் என்று
ஒரு தடவையும் இருந்ததில்லை.

இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றேன்.
யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.
பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தார்கள்.
மாமியார் மட்டும்
என் அடுப்படிச் சாவியைக் கேட்டு வாங்கி
இடுப்பில் செருகிக்கொண்டார்.

பாதி ராத்திரிக்கு தேவகோட்டையை விட்டது வண்டி.
இரண்டு டிரங்குப் பெட்டி, புளிப்பானை, வற்றல் மூட்டை,
என் அம்மி.
"ரங்கூனில் கல் கிடைக்காதா?"
"கல் கிடைக்கும்.
என் கை தேய்ந்த கல் கிடைக்காது."
திருவாடானை தாண்டும்வரை
அவ்வளவுதான் பேச்சு.
விடியும்போது பார்த்தேன்,
அவர் காதோரம் நாலைந்து நரை.
எந்தக் கணக்கில் விழுந்ததோ.

தொண்டி.
எங்கள் ஊருணிக்கு நாலு கரை.
இதற்கு
நான் நிற்கிற ஒன்றுதான்.

தோணிக்காரரைத் தண்டல் என்கிறார்கள்.
எங்கள் வீட்டில் தண்டல் என்றால் கடன் வசூல்.
மீசாத் தண்டல் யாரிடமும் எதுவும் வசூலிக்கிற முகமாக இல்லை.
வானத்தைப் பார்த்தார், சோளகம் நிற்கும் என்றார்.
அம்மியைப் பார்த்துச் சிரித்தார்.
"ஆத்தா, அதை நடுவில் வைங்க, தோணி சாயும்."
பிறகு என் வீட்டுக்காரரிடம்,
"ஆள் எத்தனை?"
"ஒண்ணு," என்றார், பழக்கத்தில்.
சொன்னபின் திரும்பினார்.
முழங்கால் தண்ணீரில்
சேலையைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்தேன்.
"ரெண்டு.
ரெண்டுன்னு எழுதுங்க."

எனக்கு என்று ஒரு முழு எண்ணை
ஒருவர் எழுதியதைப் பார்த்தது
அன்றைக்குத்தான்.
கரிக்கட்டையால், பலகையில்.

பாய் ஏறிய கொஞ்ச நேரத்தில்
ஆறு தடவை கடல் தாண்டியவர்
விளிம்பைப் பிடித்துக்கொண்டு
குடல் வெளியே வர வாந்தி எடுத்தார்.
எனக்கு ஒன்றும் செய்யவில்லை, பசிதான் எடுத்தது.
அம்மியில் சுக்குத் தட்டி
வெந்நீரில் கலந்து கொடுத்தேன்.
டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார்,
சின்னப் பிள்ளை மாதிரி.

"எப்பவும் இப்படித்தான். மூணு நாளைக்கு."
"எழுதவே இல்லையே?"
"எழுதினா அப்பச்சி படிப்பாக."

காற்று பாயைத் தட்டிக்கொண்டே இருந்தது.
"வேறென்ன எழுதாமல் விட்டீங்க?"
ரொம்ப நேரம் யோசித்தார்.
இருபது நாள் பயணம், அவசரமில்லை என்று
நானும் விட்டுவிட்டேன்.

பொழுது சாய்ந்தது. கரை
எப்போது போனது என்று கவனிக்கவில்லை.
அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்,
இடப்பக்கம் ஒருக்களித்து.
இதுவும் எனக்குத் தெரியாது.
இருநூற்று ஏழு என்று சொல்லிப் பார்த்தேன்.
வரவிலா பற்றிலா,
எதில் எழுதுவது?

அலையில் ஒரு தூக்கு.
அம்மி அசையவில்லை.
குழவி மட்டும்
கடகடவென்று உருண்டு வந்து
என் மடியோரம் நின்றது.
சுக்கு மணம் இன்னும் போகவில்லை.
இனி உருளாமல்
இருவர் நடுவிலும் படுக்க வைத்து
அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டேன்.