பலகையில் இல்லாதது

இரண்டு கதவுகள்.
முதல் கதவு முழுக்க மூடாமல்
இரண்டாவதைத் திறக்காதே என்று
செக்கிலும் போலிஷிலும் எழுதியிருக்கிறது.
சங்கிலித் திரையை விலக்கி நுழைந்ததும்
மூக்குக்கண்ணாடி வெளுத்துப் போகிறது.
வெளியே ஓஸ்த்ராவாவில் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது;
உள்ளே ஈரமண்ணும்
அழுகத் தொடங்கிய பப்பாளியும்.

கண் தெரியாத அந்த ஒரு நிமிடம்
எனக்குப் பிடிக்கும்.
இடப்பக்க மூங்கிலில் சோலைபாடி.
தரையில் முணுமுணுப்பது மரகதப் புறா.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்,
மிச்சமெல்லாம் சத்தம்.

துடைத்துப் போட்டுக்கொண்டால் பலகை.
பதினான்கு படங்கள்.
பதினான்கும் ஆண்கள்.
நீல முதுகு, வெள்ளைப் புட்டம், செம்பொன் தலை,
கல்யாண வீட்டில் புகைப்படத்துக்கு நின்றதுபோல
எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து.

செடிக்குள் ஓடுவதோ
பழுப்பு.
இன்னொரு பழுப்பு.
சற்றே பச்சை கலந்த பழுப்பு.

"மனைவிமார்" என்பார் ஸ்லாவோமீர்,
டிராம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.
முழங்கை நீளத்துக்கு லென்ஸ்.
ஒவ்வொரு பெயரையும் அவர் சொல்லும்போது
எங்கோ ஓர் அபராதச் சீட்டு கிழிபடுகிறது.

நெஞ்சில் சிவப்புத் தீற்றலுள்ள புறாவைப் பார்த்து
ஒரு சிறுமி அழத் தொடங்கினாள்.
அம்மா ஓடிப்போய் ராதானாவை அழைத்து வந்தாள்.
"இறகின் நிறம்தான்.
இந்த வாரம் இது ஐந்தாவது காயம்"
என்றாள் ராதானா, புழு வாளியோடு.

அந்தப் பழுப்பு
ஜனவரி முதல் வியாழனிலிருந்து இருக்கிறது.
கொய்யாக் கிளையில், ஹீட்டருக்குப் பக்கத்தில்.
ஸ்லாவோமீர் முதலில் சொன்னார்,
இமயத்து நீல ஈப்பிடிப்பான், பெண்.
அடுத்த வாரம், சைபீரியாதான், சந்தேகமில்லை.
அதற்கடுத்த வாரம் புதுப் புத்தகம் வாங்கி வந்து
ஒன்றும் சொல்லவில்லை.

மற்றதற்கெல்லாம் காலில் வளையம் உண்டு.
இதற்கு இல்லை.
வால் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது;
குளிரால் அல்ல,
அணைத்த பிறகும் எஞ்சினில் ஓடும் உதறல் மாதிரி.

உருக்காலையில் தகடுகளில்
விரிசல் தேடுவது என் வேலை,
இருபத்தொரு வருடமாக.
பறவையை விட்டுவிட்டு வலையைப் பார்த்தேன்.
மேல் மூலையில், பனி அழுத்திய இடத்தில்,
ஒரு முடிச்சு விட்டிருந்தது.
இரண்டு கட்டைவிரல் அகலம்.

ராதானா ஏணி வைத்து ஏறினாள்,
ஓட்டையைப் பார்த்தாள், கிளையைப் பார்த்தாள்,
ஏணியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.
"கொமினீச்செக்!"

புகைபோக்கி துடைக்கும் பையன் என்று
இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர்.
எங்கள் ஆலையின் சைக்கிள் கொட்டகை உத்தரத்தில்
ஏப்ரலானால் கூடு கட்டுவது.
அதன் எச்சத்தைத் துடைத்துவிட்டுத்தான்
தினமும் என் சீட்டில் உட்காருவேன்.

"அப்போ பெண்தானே?" என்றார் ஸ்லாவோமீர்,
ஏதாவது ஒன்றாவது மிஞ்சட்டும் என்பதுபோல.
"இருக்கலாம்.
ஒரு வயது ஆணும் இதே கரி நிறம்தான்."

அதன் கூட்டம் அக்டோபரிலேயே தெற்கே போய்விட்டது.
இப்போது வெளியே விட்டால் இரண்டு இரவு தாங்காது.
வலையைத் தைத்தார்கள், அதை உள்ளே வைத்து.
ஸ்லாவோமீர் குறிப்பேட்டில் பதினைந்து என்று எழுதி,
அடித்து,
மறுபடி சின்னதாக எழுதினார்.

போன வியாழன், மகனைத் தோளில் சுமந்த ஒருவர் கேட்டார்,
"அந்தப் பழுப்பு எந்த நாடு?"
"இந்த ஊர்தான்" என்றேன்.
அவர் விரல் பலகையில்
பதினான்கு ஆண்கள் மேலும் ஊர்ந்து,
கடைசிப் படத்தில் நின்றது.
"இங்கே இல்லையே" என்றார்.