முதல் கிளிக்கில் நிறுத்து

திரை சொல்கிறது: 22.4.
பக்கத்தில் பச்சை இலையொன்று முளைத்து
சபாஷ் என்கிறது.
சபாஷை எந்த டேங்கில் ஊற்ற?

மூன்றடைப்பு பங்க்.
முத்துப்பேச்சிக்கு என் பைத்தியம் தெரியும்.
அதே மிஷின், வண்டிக்கு அதே சாய்மானம்,
முதல் கிளிக்கில் நிறுத்தணும்,
ரூபாயை ரவுண்டாக்க நாலு சொட்டு விடக் கூடாது.
"ஒமக்கு மட்டும் நாங்க
மருந்தா அளந்து ஊத்துதோம்" என்பாள்.

ரத்தமும் சளியும் ஐஸ் பெட்டியில் குலுங்க
திசையன்விளை, ராதாபுரம், வள்ளியூர்,
திரும்பப் பாளையங்கோட்டை லேப்.
மூன்று நாளில் 431 கிலோமீட்டர்.
குடித்தது 21.98.
ரசீதின் முதுகிலேயே வகுத்தேன்.
19.6.
இன்னொரு தடவையும் வகுத்தேன்.
வகுத்தலுக்கு இரக்கம் கிடையாது.

லேப் நடத்துகிற ஜெசிந்தா அக்காவுக்குத்
திரைதான் சாட்சி.
வாட்ஸப்பில் போட்டோ போகணும்,
அந்த எண்ணால் வகுத்துத்தான் பெட்ரோல் காசு.
நடுவில் விழுகிற இரண்டே முக்கால் லிட்டர்
என் சட்டைப் பையிலிருந்து ஒழுகுகிறது.

ஆடிக் காற்றைச் சொல்லிப் பார்த்தேன்.
பணகுடிக்குத் தெற்கே வண்டி
நாலாவது கியரில் முனகுவதைச் சொன்னேன்.
"காத்து அடிச்சா
அதுவும் கொறச்சுத்தானல காட்டணும்?"
கேள்வி சரிதான்.
என்னிடம் பதில் இல்லை, ரசீது இருந்தது,
ஏழும் ஒரே பக்கம் சாய்ந்த ரசீது.
"பேர்லயே ஐகோர்ட்ட வச்சிருக்க, துரை.
நீயே தீர்ப்பச் சொல்லு."

சாட்சி தேடி அன்று சாயங்காலம்
நாங்குநேரி தாண்டி
கிலோமீட்டர் கல்லையும் மீட்டரையும்
எதிரெதிரே நிறுத்தினேன்.
பத்தாவது கல்லில்
மீட்டர் 10.3 என்றது.

ஓரங்கட்டினேன்.
லாரிகள் வண்டியை உலுக்கிவிட்டுப் போயின.

அப்போ 431-ம் 418தானா.
அப்போ என் 19.6-ம் பத்தொன்பதுதானா.
கையால் போட்ட கணக்கு என்று
நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேனே,
அதில் பாதியை
வண்டியேதான் காதில் ஓதியிருக்கிறது.

பெட்ரோலில் இதனால் ஒன்றுமில்லை.
ஊற்றிய லிட்டர் ஊற்றிய லிட்டர்தான்.

ஆனால் பேட்டா?
கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்.
ஓடாத அந்தப் பதின்மூன்று கிலோமீட்டர்
மூன்று நாளைக்கு ஒருதரம்
மூன்று வருஷமாக
என் வீட்டில் முட்டையாகப் பொரிந்திருக்கிறது.

மறுநாள் ரசீதுகளை மேஜையில் பரப்பினேன்.
அக்கா கால்குலேட்டரைத் தட்டினாள்,
உதட்டைப் பிதுக்கினாள்,
திரும்பத் தட்டினாள்.
"சரி, இருவதுன்னு வச்சுக்கிடுவோம்."

இருபது
டேங்கிலும் இல்லை, திரையிலும் இல்லை.
மின்விசிறிக்குக் கீழே
அப்போதுதான் பிறந்தது.
தலையாட்டினேன்.

"வேற ஏதும் கணக்கு இருக்கால?"

ஐஸ் பெட்டியைத் தூக்கினேன்.
மூடி ஒரு மூலையில் எழும்பி நின்றது.
முழங்கையால் ஒரு குத்து,
படிந்தது.

"ஒண்ணுமில்லக்கா.
வள்ளியூருக்கு நேரமாச்சு."